எல்லாவற்றையும் 48-ஆல் வகு: திருகோணமலையில் ஒரு நிலவுக்கலம் கட்டும் வழிகாட்டி

விறாந்தை மேசையில் தங்க நிறக் கால்களோடு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, இதென்ன, கோயிலுக்குச் சப்பறமோ?" என்று கேட்டார்.

"இல்லையக்கா, சந்திரனில இறங்கின கலம்."

"இவ்வளவு சின்னனோ?"

சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடேயே இருந்துவிட்டது. பிளாஸ்ரிக்கில் கட்டும் சின்ன மாதிரி ஒன்று நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. பார்க்கிறவருக்கு அது சின்னதாகத் தெரிந்தால் எங்கேயோ பிழை. தொலைவில் நிற்கிற பெரிய கலம் போலத் தெரிந்தால் வேலை சரி. அந்த மாயத்துக்கு ஒரே வழி, கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும் ஒரே எண்ணால் வகுப்பது. நீள அகலத்தை மட்டும் வகுத்தால் போதாது. கலத்தைப் போர்த்திய மெல்லிய தகட்டின் சுருக்கம், கம்பியின் தடிப்பு, மண்ணின் பருக்கை, பெயின்றின் மினுக்கம் எல்லாவற்றையும் வகுக்க வேண்டும். அதனால் என் மேசையில் கத்திக்கு முன்னால் கல்குலேட்டர்தான் இருக்கும்.

எதைக் கட்டுவது

முதலில் வீட்டை அளந்து பாருங்கள். அப்பலோ வீரர்களை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ரொக்கெட்டின் உயரம் 110.6 மீற்றர். எயார்ஃபிக்ஸ், ரெவெல், டிராகன் எல்லாம் மாதிரியின் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கும் கம்பனிகள்; அந்தப் பெட்டியைத்தான் கிட் என்போம். எயார்ஃபிக்ஸின் 1:144 அளவில், அதாவது நிஜத்தை 144-ஆல் வகுத்தால், ரொக்கெட் 77 சென்ரிமீற்றர் வரும். ரெவெலின் 1:96 அளவில் 115 சென்ரிமீற்றர். டிராகனின் 1:72 அளவில் ஒன்றரை மீற்றரைத் தாண்டும்; அதை நிறுத்த அலுமாரிக்கு மேலேயும் இடம் கிடையாது, மின்விசிறிக்குக் கீழேயும் இடம் கிடையாது. விண்ணோடம் அடக்கமானது. 37.2 மீற்றர் நீளம் 1:144-இல் 26 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும்.

வகுக்கவே வேண்டாத கலமும் ஒன்று உண்டு. இலங்கையின் முதல் செய்மதியான இராவணா-1, பத்து சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும் ஒரு பெட்டி. நிறை ஏறத்தாழ ஒரு கிலோ. 2019 ஏப்ரல் 17 அன்று ஏவப்பட்டு, ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. அட்டையிலே 1:1 அளவில் செய்து மேசையில் வைக்கலாம். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருக்கிற ஊரில் அது ஒன்றாவது யாராவது ஒரு வீட்டில் இருக்கத்தான் வேண்டும்.

நான் இங்கே விரிவாகச் சொல்லப்போவது அப்பலோ 11-இன் நிலவுக்கலம், 'ஈகிள்', 1:48 அளவில். உயரம் ஏறத்தாழ 7 மீற்றர், அதாவது மாதிரியில் 14.6 சென்ரிமீற்றர். எதிரெதிர்க் கால்களுக்கு இடையே 9.4 மீற்றர், அதாவது 19.6 சென்ரிமீற்றர். ஒரு சாப்பாட்டுக் கோப்பைக்குள் அடங்கும். மேற்பரப்பு வேலை முழுவதையும் அது ஒன்றே சொல்லித் தந்துவிடும். ரெவெலின் கிட் ஒன்று இதே அளவில் இருக்கிறது, டிராகனும் போட்டிருக்கிறது. எயார்ஃபிக்ஸ் 1:72-இல் வரும். அது விலை குறைவு, ஆனால் தகடு ஒட்டும்போது விரல் நோகும்.

சாமான் சேர்ப்பது

திருகோணமலையில் இதற்கென்று கடை தேடாதீர்கள். கிட்டைக் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ எடுப்பிக்க வேண்டும். தபால் கந்தோரில் போய் நிற்கும் நாளில் சுங்க வரிக்கும் காசு கொண்டுபோங்கள். என்னுடைய முதல் பொதி நசுங்கிய பெட்டியோடுதான் வந்தது; ஒரு கால் இரண்டாக முறிந்திருந்தது. அந்தக் காலைத் திருத்தும்போது படித்தது பிறகு எத்தனையோ இடத்தில் உதவியது என்றாலும், அனுப்புகிறவரிடம் இரட்டைப் பெட்டி கேளுங்கள்.

வெளியிலிருந்து எடுக்க வேண்டியவை நான்கே நான்கு: கிட், பிளாஸ்ரிக்கை உருக்கி ஒட்டும் மெல்லிய திரவப் பசை, மாதிரிக்குப் பூசும் நிறங்கள், நுனி மெல்லிய சாமணம். நிறங்களில் தமியா கம்பனியின் ஒளி ஊடுருவும் மஞ்சளும் (எக்ஸ்-24) ஒளி ஊடுருவும் செம்மஞ்சளும் (எக்ஸ்-26) கட்டாயம். மற்றவை எல்லாம் மத்திய வீதியில் ஒரு நடையில் கிடைக்கும். கட்டர் கத்தி, 400 முதல் 1000 வரை தண்ணீரில் தேய்க்கும் சேண்ட் பேப்பர், நகவெட்டி, வெள்ளைக் கம், சுப்பர் குளூ, குசினிக்கு வாங்கும் அலுமினியத் தாள், மெழுகுதிரி. அலுமினியத் தாளில் விலை குறைந்ததையே கேளுங்கள். அதுதான் மெல்லியது, நமக்கு அதுதான் வேண்டும்.

மோட்டர் திருத்தும் கடையில் பழைய சுருள் கம்பி கேட்டால் சும்மாவே தருவார்கள். அரக்குப் பூசிய செப்புக் கம்பி. கிற்றார் கம்பி நல்லது என்று பலர் சொல்வார்கள். இந்தக் கடற்காற்றில் ஒரே வருடத்தில் துருப்பிடித்து, பெயின்றையும் தூக்கிக்கொண்டு வரும்.

கையைப் பழக்கப் பந்தும் ஈர்க்கும்

கிட் வந்துசேரும் வரை சும்மா இருக்க வேண்டாம். 1957 ஒக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட ஸ்புட்னிக் 1 வெறும் 58 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருண்டை. மேசைப்பந்து 40 மில்லிமீற்றர். 580-ஐ 40-ஆல் வகுத்தால் 14.5. உங்கள் மாதிரியின் அளவு 1:14.5. நிஜத்தில் அலைக்கம்பிகள் நான்கு, இரண்டு 2.4 மீற்றர், இரண்டு 2.9 மீற்றர். மாதிரியில் 16.6 சென்ரிமீற்றரும் 20 சென்ரிமீற்றரும். தென்னை ஈர்க்கில் நுனிப் பகுதியை வெட்டி எடுங்கள்; அடி தடித்து நுனி மெலிந்து வருகிற அந்த அழகைக் கம்பியில் கொண்டுவர முடியாது. நடுவில் இரண்டு அரைக்கோளங்களும் சேரும் விளிம்பில் 36 திருகாணிகள், பத்துப் பாகைக்கு ஒன்று. பாகைமானியால் குறித்து, வெள்ளைக் கம்மில் ஊசி முனையால் பொட்டு வையுங்கள். வெள்ளி நிறத்தை அக்ரிலிக்கில் பூசுங்கள். லக்கர் தின்னர் சில பந்துகளை உருக்கிவிடும்.

எந்த நாள், எந்த மணி

கத்தியை எடுக்கும் முன் ஒரு முடிவு. நீங்கள் கட்டுவது எந்த நேரத்துக் கலம்?

இது வீண் நுணுக்கம் இல்லை. பாதங்களுக்குக் கீழே நீண்டிருக்கும் தொடுகம்பிகளைப் பாருங்கள். நிலத்தைத் தொட்டதும் விமானியறையில் விளக்கெரிய வைப்பது இவைதான். நிஜத்தில் ஏறத்தாழ 1.7 மீற்றர், மாதிரியில் மூன்றரைச் சென்ரிமீற்றர். அப்பலோ 11-இல் இவை மூன்று கால்களில் மட்டுமே இருந்தன. விண்வெளி வீரர் இறங்கும் ஏணிக்காலில் அதைக் கழற்றிவிட்டார்கள். கலம் பறக்கும் நிலையில் வைத்தால் மூன்றும் நேராகத் தொங்க வேண்டும். இறங்கிய நிலையில் என்றால் வளைந்து மடிந்து கிடக்க வேண்டும். இறங்கிய கலத்துக்கு நான்கு நேர்க்கம்பி வைத்திருக்கிற மாதிரிகளை நான் கண்டிருக்கிறேன். பெட்டிப் படத்தை நம்பினால் வருகிற வினை அது.

சாட்டர்ன் 5 கட்டுகிறவர்களுக்கும் இதே பொறி உண்டு. பழைய கிட்கள் பலவற்றின் கறுப்பு வெள்ளைக் கோலம், ஒருபோதும் பறக்காத 500எஃப் என்ற சோதனை ரொக்கெட்டுக்கு உரியது. விண்ணோடத்தின் செம்மஞ்சள் எரிபொருள் தாங்கியும் அப்படித்தான். 1981-இல் நடந்த முதல் இரண்டு பயணங்களில் அது வெள்ளை. பிறகு பூச்சை விட்டுவிட்டார்கள், ஏறத்தாழ 270 கிலோ மிச்சமானது.

ஆகவே நாசாவின் படங்களை இறக்கிக்கொள்ளுங்கள். அப்பலோ 11 படச்சுருள்களில் 40-ஆம் இலக்கத்தது நிலவின் தரையில் எடுத்த வண்ணப் படங்கள் கொண்டது, ஏ.எஸ்.11-40 என்று தேடினால் முழுவதும் வரும். கலத்தைச் சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறார்கள். வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் கலத்தின் படங்களும் கண்ணில் படும், வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அது எல்.எம்.-2 என்ற பறக்காத நிலவுக்கலம், அப்பலோ 11 போல உடுத்திவிட்டது. நிஜ ஈகிளின் கீழ்ப்பாதி இன்றும் நிலவில் நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்த்து எவரும் நம்மைத் திருத்தப் போவதில்லை; படம்தான் நமக்குச் சாட்சி.

இந்த வழிகாட்டியில் நம்முடையது அமெரிக்க நேரப்படி 1969 ஜூலை 20, இறங்கிய பின், மனிதர் வெளியே வந்துவிட்ட நேரம்.

வெட்டுதல், ஒட்டுதல்

பாகங்கள் தொங்கும் பிளாஸ்ரிக் சட்டங்களை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைக்காமல் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய் இருந்தால் பெயின்ற் பிடிக்காது. பாகத்தை முறுக்கிப் பிடுங்காமல், கொஞ்சம் தள்ளி நகவெட்டியால் வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள்.

பசை போடாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகுதான் பசை. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் பொருத்துக்கோட்டைத் தொட்டால் பசை தானாக உள்ளே ஓடிவிடும். இங்கேயும் வகுத்தலை மறக்காதீர்கள். மாதிரியில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி என்றால் நிஜத்தில் கிட்டத்தட்ட ஐந்து சென்ரிமீற்றர். ஆள் விரலைச் செருகலாம். கீழ்ப்பாதியைத் தகடு மூடப்போகிறது, அங்கே தாராளமாக இருங்கள். மேல்பாதியில் இடைவெளியை நிரப்பித் தேய்க்க வேண்டும்.

யன்னல்களுக்குச் சுப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெண்பனி போலப் படியும், ஈரக்காற்றில் இன்னும் மோசம். முன்னால் இரண்டு முக்கோண யன்னல், தலைக்கு மேல் ஒரு சின்ன யன்னல். மூன்றுக்கும் வெள்ளைக் கம்.

காற்று, ஈரம், பல்லி

வெளியூர் வழிகாட்டிகள் சொல்லாதது இந்தப் பகுதி.

ஒக்டோபர் தொடங்கித் தை மாதம் வரை வடகீழ்ப் பருவமழை. அந்த நாட்களில் லக்கர் ஸ்பிரே அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள்ளேயே அகப்பட்டுவிடும். பால் ஊற்றியது மாதிரி வெளுத்துப்போகும். எனக்கு ஒரு கார்த்திகை மாதம் அது நடந்தது. கலத்தின் கறுப்புத் தட்டுகள் எல்லாம் சுண்ணாம்பு பூசியது போல நின்றன. காய்ந்த நாள் ஒன்று வரும்வரை காத்திருந்து, மெதுவாகக் காயும் தின்னரைப் புகையாக மேலே தூவினேன். முக்கால்வாசி திரும்பிவிட்டது. மீதிக்குத் திரும்பவும் பூச வேண்டி வந்தது.

வெயில் காலத்தில் வேறு தலையிடி. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் காற்றுக் காய்ந்திருக்கும், பூச்சுச் சீக்கிரம் இறுகும், ஆனால் தூசியும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் நான் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்தான் ஸ்பிரே அடிப்பேன், காற்றுக் கிளம்பும் முன். அடித்தவுடன் பெரிய பாத்திரம் ஒன்றால் மூடிவிடுங்கள். தூசிக்கு மட்டும் இல்லை. ஈரப் பெயின்றில் பல்லி நடந்த தடத்தை 48-ஆல் பெருக்கிப் பார்த்தால் டைனோசர் நடந்த மாதிரி இருக்கும். மூக்குக்கு முகமூடி, கதவு யன்னல் திறந்தபடி, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

மழைக்காலத்தை என்ன செய்வது? வெட்டுவது, தேய்ப்பது, தகடு ஒட்டுவது எல்லாம் அப்போது. பூச்சை மாசிக்கு ஒத்திவையுங்கள்.

தகடு

நிலவுக்கலம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது அந்தத் தங்கக் கீழ்ப்பாதி. அதில் தங்கம் இல்லை. கப்டன் என்ற தேன் நிறப் படலத்தின் உட்பக்கத்தில் அலுமினியப் பூச்சு. வெளிச்சம் தேன் நிறத்தைக் கடந்து போய் அலுமினியத்தில் பட்டுத் திரும்பி, மீண்டும் தேன் நிறத்தைக் கடந்து வருகிறது. காற்றில்லாத இடத்தில் வெப்பம் கதிர்வீச்சாகவும், ஒன்றையொன்று தொடும் இடங்களிலும்தான் பரவும். அதனால் பல அடுக்குப் படலங்களைக் கசக்கி, ஒன்றோடொன்று அங்கங்கே மட்டும் தொடும்படி போட்டார்கள். சுருக்கம் அலங்காரமில்லை, வேலை செய்கிற பாகம்.

நாமும் அதே முறையையே செய்வோம்: கீழே வெள்ளி, மேலே தேன். தங்கப் பெயின்ற் பூசினால் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி வரும். வெசாக் காலத்தில் கடைகளில் தொங்கும் தங்கக் கடதாசியையும் ஒருமுறை முயன்று பார்த்தேன். மினுக்கம் கண்ணைக் குத்துகிறது, மடிப்பு விறைப்பாக நிற்கிறது. அக்கா சப்பறம் என்று கேட்டது அந்த முதல் முயற்சியைப் பார்த்துத்தான்.

இனி மடிப்பின் அளவு. நிஜத்தில் ஒரு சுருக்கம் கையகலம், பத்து சென்ரிமீற்றர் என்று வையுங்கள். வகுத்தால் இரண்டு மில்லிமீற்றர். குசினித் தாளை ஒருமுறை கசக்கி விரித்தால் மடிப்பு ஒரு சென்ரிமீற்றருக்கு வரும். அது நிஜத்தில் அரை மீற்றர், கசங்கிய படங்குத் துணி மாதிரித் தெரியும். அதனால் இப்படிச் செய்யுங்கள்.

பத்துச் சென்ரிமீற்றர்ச் சதுரமாகத் தாளை வெட்டுங்கள். உள்ளங்கையில் வைத்து நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுங்கள். அழுத்தி இறுக்கக் கூடாது, இறுக்கினால் விரிக்கும்போது கிழியும். மூலையிலிருந்து மெதுவாகப் பிரித்து விரியுங்கள். மறுபடி உருட்டுங்கள். மூன்றாம் தரம் விரிக்கும்போது பெரிய மடிப்புகள் உடைந்து, சின்னச் சின்ன முகங்களாக மாறியிருக்கும். கண்ணாடித் துண்டின்மேல் போட்டு, பஞ்சு சுற்றிய விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டித் தட்டிப் படியவையுங்கள். உருளையால் உருட்டினால் மடிப்பு முழுவதும் செத்துவிடும். நல்ல துண்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் நூறு சின்னக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மின்னி அணையும். அந்த மின்னல்தான் வேண்டும்.

இனி நிறம். ஒளி ஊடுருவும் மஞ்சள் மூன்று பங்கு, செம்மஞ்சள் ஒரு பங்கு. முதலில் துண்டுத் தாளில் மூன்று கலவை பூசிக் காயவைத்து, படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் கூடினால் மலிவு மோதிரம். செம்மஞ்சள் கூடினால் செப்புக் குடம். வடித்த தேன் கரண்டியில் தெரிகிற நிறம் எதுவோ, அது. அகலமான மெத்தென்ற தூரிகையால் ஒரே இழுப்பு. போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். நிறம் மடிப்புகளின் பள்ளத்தில் கொஞ்சம் தேங்கி ஆழமாகும், அது நமக்கு நல்லதே. இரவு முழுக்கக் காயட்டும்.

கீழ்ப்பாதி எண்கோண வடிவம். ஒவ்வொரு பக்கத்திலும் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசி அச்செடுத்து, ஓரத்தில் ஒரு மில்லிமீற்றர் கூட்டி வெட்டுங்கள். பிளாஸ்ரிக்கில் வெள்ளைக் கம்மை மெல்லியதாகத் தடவிவிட்டுப் பொறுங்கள். பால் நிறம் போய்க் கண்ணாடியாகி, விரலில் ஒட்டும் பதம் வந்ததும் தகட்டை வையுங்கள். ஈரமாக இருக்கும்போது வைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் கொப்புளம் கட்டும். மழை நாளில் இந்தப் பதம் வர அரை மணித்தியாலம் கூட ஆகலாம்.

ஓரங்கள் இணையும் இடத்தில் நிஜத்தில் ஒட்டுநாடா. ஐந்து சென்ரிமீற்றர் நாடா என்றால் நமக்கு ஒரு மில்லிமீற்றர். கசக்காத தேன் நிறத் தாளில் புதுக் கத்தியால் ஒரு மில்லிமீற்றர் கீற்று வெட்டி மூலைகளில் ஒட்டுங்கள். இந்தக் கீற்றுகள் போகும்வரை என் மாதிரி மிட்டாய்ப் பொதி போல இருந்தது. போனபிறகுதான் யாரோ ஒரு தொழிலாளி நின்று ஒட்டிய பொருள் மாதிரி ஆனது.

எல்லாப் பக்கமும் தேன் நிறம் இல்லை என்பதையும் கவனியுங்கள். கறுப்புத் தகடு, வெள்ளித் தகடு, மங்கிய தகடு என்று திட்டுத் திட்டாக வரும். படத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து மாற்றுங்கள். கால்களுக்குச் சுற்ற நீளக் கீற்றுகள் வெட்டி, புண்ணுக்குக் கட்டுப் போடுவது போலக் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறச் சுற்றுங்கள்.

மேல்பாதி

இங்கே தகடு குறைவு, உலோகத் தட்டுகள் கூட. ஒரே சாம்பலை முழுக்க அடிக்காதீர்கள். மூன்று சாம்பல் கலந்து வைத்துக்கொண்டு, தட்டுக்குத் தட்டு மாற்றுங்கள். ஒன்று மங்கல், ஒன்று அரை மினுக்கம். கறுப்பில் ஒரு துளி வெள்ளை கலந்து கரிச் சாம்பலாக்குங்கள். நிலவில் காற்றில்லை, தொலைவு நிறத்தை வெளுக்காது, ஆகவே சுத்தக் கறுப்பே சரி என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நிலவில் அது சரி. ஆனால் மாதிரி நிற்பது உங்கள் வீட்டு மேசையில், அங்கே சுத்தக் கறுப்பு ஓர் ஓட்டை மாதிரித் தெரியும்.

நான்கு மூலையிலும் நான்கு நான்காகப் பதினாறு சின்ன உந்துகுழாய்கள். கிட்டில் அவை கட்டை போல அடைத்திருக்கும். கையால் திருகும் துளையூசியால் உள்ளே குடையுங்கள். பதினாறையும் ஒரே இருப்பில் செய்ய வேண்டாம், ஏழாவதில் கை நடுங்கி ஊசி முறியும்.

கிட்டோடு வரும் ஒட்டு முத்திரைகளை ஒட்டும் முன் அந்த இடத்துக்கு மட்டும் மினுக்குப் பூச்சு; மங்கல் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளியாகத் தெரியும். ஒட்டியபின் மங்கல் பூச்சால் மூடுங்கள்.

அழுக்கு வைக்கவே வேண்டாம். விமானம், டாங்கி கட்டிப் பழகியவர்கள் கை சும்மா இராமல் துருவும் எண்ணெய் வழிசலும் வைத்துவிடுவார்கள். இந்தக் கலம் மழை கண்டதில்லை. புத்தம் புதிதாகப் போய் இறங்கிய சாமான். பாதங்களில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான்.

மெழுகுதிரி

அலைக்கம்பிகளைக் கிட்டில் தந்தபடி வைத்தால் தண்ணீர்க் குழாய் மாதிரி இருக்கும். ஒரு சென்ரிமீற்றர்க் கம்பி நமக்கு 0.2 மில்லிமீற்றர். வெட்டிப்போட்ட பிளாஸ்ரிக் சட்டத்தில் ஒரு சாண் துண்டை எடுத்து, சுடருக்கு இரண்டு விரலுக்கு மேலே பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யத் தொடங்கும். வெளியே எடுத்து, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, இரண்டு கையாலும் சீராக இழுங்கள். வேகமாக இழுத்தால் நூல், மெதுவாக இழுத்தால் கம்பி. இறுகும்வரை இழுத்துப் பிடித்திருங்கள். பத்து இழுத்தால் இரண்டு தேறும். சட்டத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. இழுத்துப் பழகும்வரை மின்விசிறியை நிறுத்தி வையுங்கள்.

வளைந்து கிடக்க வேண்டிய தொடுகம்பிகளுக்கு மட்டும் செப்புக் கம்பி. பாதத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள்.

நிலம்

புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணல் எங்கள் மாவட்டத்துப் பெயரான செல்வம். அதில் நிறைய இல்மனைட், இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கனிமம். அப்பலோ 11 இறங்கிய, அமைதிக் கடல் என்ற நிலவுச் சமவெளியின் எரிமலைக் கற்களிலும் அதே இல்மனைட் தாராளம். இதைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. நிலவின் மண் நிலாவெளிக்கு அங்கால் கிடக்கிறது என்று துள்ளிக்கொண்டு மாதிரிக்கு அடியில் அதையே பரப்பினேன்.

பார்த்தால் கலம் சரளைக் கல் குவியலில் நிற்கிறது. கல்குலேட்டரை அன்று நான் எடுக்கவில்லை. மணற் பருக்கை 0.2 மில்லிமீற்றர் என்றாலும் 48-ஆல் பெருக்கினால் ஒரு சென்ரிமீற்றர்க் கல். நிலவின் மண் மாவு மாதிரி. அதை வகுத்தால் கண்ணுக்கே தெரியாத தூள்தான் வேண்டும்.

ஆகவே பலகையில் சுவர்ப்பூச்சு மாவைக் குழைத்து, மேடு பள்ளமாக அரைச் சென்ரிமீற்றர் பரப்புங்கள். அது இறுகும் முன் கலத்தை வைத்து எடுங்கள். பாதம் ஒவ்வொன்றும் இரண்டு சென்ரிமீற்றர் அகலம். மண்ணுக்குள் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம்தான் பதிந்திருக்கிறது என்று ஆம்ஸ்ட்ரோங் ஏணியடியில் நின்றபடி சொன்னார். வகுத்தால் அரை மில்லிமீற்றர் முதல் ஒரு மில்லிமீற்றர். அதற்கு மேல் அமுக்காதீர்கள். எஞ்சினுக்குக் கீழே பெரிய குழி தோண்டுவதும் வழமையான பிழை. அங்கே குழி விழவில்லை. மண் வெளிப்புறமாக வீசிக் கூட்டியது போல இருந்தது. காய்ந்த தூரிகையால் நடுவிலிருந்து வெளியே இழுத்தால் போதும்.

மேலே சீமெந்தும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து, மெல்லிய துணியில் கட்டித் தட்டித் தூவுங்கள். படங்களில் வெளிச்சமாகத் தெரிந்தாலும் நிலவு மண் பழைய தார் வீதியின் நிறம். கரித்தூளும் ஒரு சிட்டிகை கபிலமும் சேருங்கள். சப்பாத்துத் தடம் ஏழு மில்லிமீற்றர் நீளம். ஈர்க்குச்சியின் அடியைச் சீவி, குறுக்கே நான்கு கோடு கீறி அமுக்குங்கள். ஆட்கள் 3.75 சென்ரிமீற்றர். தடங்கள் ஏணியடியிலிருந்து தொடங்க வேண்டும், நடுவெளியில் திடீரென்று முளைக்கக் கூடாது.

புல்மோட்டை மணலை அப்படியே விட மனம் வரவில்லை. ஒரு சிட்டிகையை அங்கங்கே சிறு கற்களாகப் போட்டேன். அந்த அளவுக்கு அது சரியாகவே பொருந்துகிறது. அதற்காக யாரும் போய் அள்ளி வர வேண்டாம், அது அனுமதி வேண்டிய கனிமம். கடற்கரைக்குப் போய்வந்த செருப்பைத் தட்டினால் விழுவதே போதும்.

கண்ணாடியும் விளக்கும்

மூடாத மாதிரி இங்கே ஆறு மாதம் தாங்காது, உப்பும் தூசியும் சேர்ந்து தகட்டின் மின்னலைத் தின்றுவிடும். மீன்தொட்டி செய்கிறவரிடம் நீளம், அகலம், உயரம் சொல்லிக் கவிழ்த்து வைக்கும் பெட்டியாகக் கேளுங்கள். உங்களுக்குத் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை, ஆகவே மெல்லிய கண்ணாடியே காணும், விலையும் குறையும். மருந்துப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொதிகளைப் பலகைக்குக் கீழே ஒளித்துவைத்து, மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள்.

கடைசியாக விளக்கு. ஈகிள் இறங்கியபோது சூரியன் அடிவானத்துக்கு மேல் 10.8 பாகையில் இருந்தது. மேலேயிருந்து குழல்விளக்கு அடித்தால் இவ்வளவு வேலையும் தட்டையாகிவிடும். ஒரே ஒரு சின்ன எல்.ஈ.டி. விளக்கை, முடிந்தளவு தள்ளி, தாழ்வாக வையுங்கள். ஒரு மீற்றர் தள்ளி வைத்தால் தரையிலிருந்து 19 சென்ரிமீற்றர் உயரம். சூடாகிற பழைய குமிழ் வேண்டாம், தகடு கிளம்பும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

அந்தக் கோணத்தில் சூரியன் விழுத்தும் நிழல் உயரத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல், 76 சென்ரிமீற்றர். விளக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால் நம்முடையது இன்னும் நீளும். என் மேசை அகலம் அறுபதுதான். அதனால் கலத்தை மேசையின் நீளப் பக்கத்து ஓரத்துக்கு நகர்த்தினேன். அப்படியும் மேல்பாதியின் நிழல் மேசையைத் தாண்டிச் சுவரில் ஏறி, கலண்டருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அக்கா போன கிழமை வந்தபோது கலத்தைப் பார்க்கவில்லை. அந்த நிழலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.